வந்து சேர்ந்த தேதி

போன மாதம் மோனிஷா போன் செய்தாள். காட்பாடி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "மேடம், நம்ம ஜர்னல் இனிமே அச்சுல வராது. நெட்ல மட்டும்தான். கடைசி அச்சு இதழோட ஆபீஸ்ல வேலை செஞ்சவங்க எல்லாம் எழுதுற மாதிரி ஒரு சின்ன மலர் போடுறோம். நீங்க தமிழ்லயே எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றாள்.

ரெண்டு பக்கமாம்! உலகத்து விஞ்ஞானிகளையெல்லாம் "இரண்டு பக்கத்துக்கு மேல் ஒரு வரி கூடாது" என்று வருஷக்கணக்கில் விரட்டியவள் நான். அந்தப் பாவம் சும்மா விடுமா? ஆனாலும் நான் அடங்குவதாக இல்லை. வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

போனை வைக்கும் முன் அவள் ஒன்று கேட்டாள். "வந்து சேர்ந்த தேதியை அப்போ நீங்கதான் போடுவீங்களாமே மேடம்? இப்போ சிஸ்டமே போட்டுக்குது. அப்போ தப்பா போட்டா இன்னா ஆவும்?" சும்மா சிரித்துக்கொண்டு கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எங்களுடையது வேதியியல் பத்திரிகை. ஒரு புதுப் பொருளையோ புது முறையையோ கண்டுபிடித்தவர் பெரிய கட்டுரை எழுதி வருஷக்கணக்கில் காத்திருக்காமல், "இதை நான் கண்டேன்" என்று இரண்டே பக்கத்தில் சட்டென்று சொல்லிவிடுவதற்கான இடம். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் சின்ன எழுத்தில் இரண்டு தேதி இருக்கும். ஒன்று, கட்டுரை வந்து சேர்ந்த தேதி. இன்னொன்று, ஏற்றுக்கொண்ட தேதி. ஒரே விஷயத்தை இரண்டு பேர் கண்டுபிடித்தால், யார் முதலில் என்று கேட்கும்போது எல்லோரும் அந்த முதல் தேதியைத்தான் பார்ப்பார்கள். இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதில்தான் பத்திரிகையின் பேர் இருந்தது.

நான் குடியாத்தத்துப் பெண். அப்பா லுங்கித் தறி போட்டவர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். தண்ணீருக்கு H2O என்று எழுதும்போது அந்தச் சின்ன இரண்டைக் கீழே இறக்கிப் போட டைப்ரைட்டர் உருளையை அரைப் பல் திருப்ப வேண்டும். அதைக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை தாள் கசக்கினேன் என்பதையெல்லாம் சொல்லி உங்களைப் பேஜார் பண்ண மாட்டேன். வேதியியல் எனக்குக் கடைசி வரை தெரியாது. ஆனால் ஒரு கட்டுரையைக் கையில் வாங்கினால் அதில் என்ன குறை என்று ஒரே புரட்டில் சொல்லிவிடுவேன்.

காலை ஒன்பதரைக்குத் தபால் பிரிப்பேன். பக்கம் எண்ணுவேன். ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, படங்கள் தனித்தாளில் இருக்கின்றனவா, மேற்கோள் பட்டியல் எங்கள் முறைப்படி இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தேதி குத்துவேன். குறை இருந்தால் குத்தாமல் திருப்பி அனுப்புவேன். தேதி குத்தாத கட்டுரை எங்களுக்கு வராத கட்டுரை. பிறகு கணினி வந்தது. ஸ்டாம்ப் போய்த் திரையில் 'ஏற்க', 'திருப்புக' என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. அமுக்கும் விரல் மட்டும் என்னுடையதாகவே இருந்தது.

பத்திரிகையின் ஆசிரியர் பேராசிரியர் வேதமணி. கல்லூரியில் வகுப்பு முடித்துவிட்டு மூன்று மணிக்கு வருவார். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கவிழ்த்து மேஜைமேல் வைப்பார். அப்புறம்தான் கட்டுரையைத் தொடுவார். ஏன் சார் என்று ஒருநாள் கேட்டேன். "அவசரப் பத்திரிகை நடத்துறவன் படிக்கும்போதாவது அவசரப்படக் கூடாது இல்லயா, தேவகியம்மா?" என்றார். பென்சிலால்தான் எழுதுவார். வேண்டாம் என்று ஒதுக்கும் கட்டுரைக்கும் அவரே கடிதம் எழுதுவார். முதல் பத்தியில், "உங்கள் கட்டுரையிலிருந்து நான் தெரிந்துகொண்டது இது" என்று ஏதாவது ஒன்று இருக்கும். குப்பைக் கட்டுரையாக இருந்தாலும் தேடிப்பிடித்து எழுதிவிடுவார். நிராகரித்ததற்கு நன்றி சொல்லிப் பதில் போட்டவர்கள் உண்டு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "இவனுக்கெல்லாம் எதுக்கு சார் இவ்ளோ மரியாதை?" என்பேன். சிரிப்பார். அவ்வளவுதான்.

அந்த மனுஷரிடம் ஒரே ஒரு சின்ன ஆசை இருந்தது. பத்திரிகையை நடத்தும் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், "இந்த ஆண்டு நம் பத்திரிகை ஒரு கட்டுரையைச் சராசரியாக இத்தனை நாளில் ஏற்றிருக்கிறது" என்று எழுந்து படிப்பார். எண்ணைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிறுத்துவார். முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகம் மலரும். அந்த எண்ணைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது நான்.

ஒரு வருஷம் அது ஏறிவிட்டது. கட்டுரைகள் ஜாஸ்தியாகிவிட்டன. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய நடுவர்கள், ஞாபகப்படுத்தினாலும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். சார் எண்ணைப் படித்ததும் பின்வரிசையில் ஒருவர், "இது எக்ஸ்பிரஸா, பாசஞ்சரா சார்?" என்றார். சபையே சிரித்தது. சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த மாதமே ஆரம்பித்தேன். நாளாகும் என்று தெரிந்த கட்டுரை வந்தால் ஏதாவது ஒரு குறையைக் காட்டி 'திருப்புக' பொத்தானை அமுக்கிவிடுவேன். "இதைத் திருத்திப் புதிதாக அனுப்பவும்." அவர்கள் திருத்தி அனுப்புவதற்குள் நான் இந்தப் பக்கம் நடுவரைப் பிடித்துப் பேசி ஏற்பாடு செய்துவிடுவேன். கட்டுரை திரும்பி வந்ததும் புதுத் தேதி போடுவேன். அச்சில் பார்த்தால் மின்னல் வேகம்! இதற்கு நான் வைத்திருந்த பேர், 'வெளியே உட்கார வைப்பது'. பொய் சொன்னேனா என்றால் இல்லை. ஒவ்வொன்றிலும் குறை இருந்தது உண்மை. ஆனால் நான் தேடினால் என் கல்யாணப் பத்திரிகையிலேயே நாலு குறை கண்டுபிடிப்பேன். நாலு வருஷம் இப்படிப் போயிற்று. எண் இறங்கியது. சார் எழுந்து படித்தார், கை தட்டினார்கள். நான் பின்னால் நின்று பூரித்துப் போனேன்.

அப்படியிருக்கும்போதுதான், ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம், ஆம்பூர்ப் பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கலைச்செல்வி, உதவிப் பேராசிரியை. தோல் பதப்படுத்தக் குரோமியம் உப்புப் போடுவார்கள் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு சாதாரணமாக இருக்கிறவரை பெரிய கெடுதல் இல்லை. வேறு நிலைக்கு மாறிவிட்டால் விஷம். தண்ணீரில் அந்த விஷம் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய இயந்திரம் வேண்டும். இந்தப் பெண் ஒரு புதுப் பொருளைச் செய்து காகிதப் பட்டையில் தடவியிருந்தாள். விஷம் இருக்கிற தண்ணீரில் நனைத்தால் மஞ்சள் பட்டை செங்கல் நிறமாகிவிடும். இயந்திரமே வேண்டாம், கண் போதும்.

எனக்கு அதெல்லாம் அன்றைக்குக் கண்ணில் படவில்லை. குரோமியம் என்ற சொல் மட்டும் பட்டது. அந்த விஷயத்துக்கு எங்களிடம் இருந்தது இரண்டே நடுவர்கள். ஒருவர் மகளைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார். இன்னொருவர் ஆமை. உள்ளே விட்டால் நாற்பது நாள் ஆகிவிடும். மேற்கோள் பட்டியலில் பத்திரிகைப் பேர்களைச் சுருக்காமல் முழுசாக எழுதியிருந்தாள். போதாதா? 'திருப்புக'. கூடவே "பொங்கல் வாழ்த்துகள்" என்று ஒரு வரி வேறு சேர்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பொங்கல் லீவில் அவள் வீட்டில் இருந்தாள். நெட் கல்லூரியில்தான். லீவு முடிந்து வந்து பார்த்து, ஒரே மணி நேரத்தில் திருத்தி அனுப்பியிருக்கிறாள். நடுவில் பன்னிரண்டு நாள் போய்விட்டது. நான் புதுத் தேதி போட்டு உள்ளே விட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளுக்குள், எட்டாவது நாள், அதே பொருள், அதே சோதனை, கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வகத்திலிருந்து வேறொரு பத்திரிகையில் வெளியாகிவிட்டது.

ஆமை நடுவர் அந்த ஒரு தடவை மட்டும் வேகமாகப் பதில் எழுதினார். "அந்தக் கட்டுரை வெளியாகி நான்காவது நாள் இது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பார்த்து எழுதியது என்பதைத் தவிர வேறு எதுவும் நினைக்க முடியவில்லை."

சார் அதை மூன்று தடவை படித்தார். "நாலு நாள்ல இவ்ளோ சோதனை செய்ய முடியாது. செய்யாம எழுதியிருந்தா அது இன்னும் மோசம்" என்றார். இப்படி ஒரு புகார் வந்தால் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். "நாங்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. விசாரித்துத் தெரிவிக்க வேண்டுகிறோம்." எவ்வளவு மென்மையான கடிதம்! ஆனால் எங்கள் முத்திரை போட்ட தாளில் அது ஒரு சின்னக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கலைச்செல்வி என்று பேரை அடிக்கும்போது எனக்கு என்னவோ உறுத்தியது. பொங்கல் வாரத்தில் நான் வெளியே உட்கார வைத்தவர்களில் இந்தப் பேர் இருந்ததோ? பழைய கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தலைக்கு மேல் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், படியேறி ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்தாள்.

"மேடம், நான் கலைச்செல்வி. ஆம்பூர்ல இருந்து வர்றேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்னைக் கிளாஸ் எடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க மேடம். திங்கட்கிழமை கடைசி விசாரணை. காப்பி அடிச்சேன்னு முடிவாய்ட்டா என் பிஎச்டி பதிவு கேன்சல். வேலையும் போய்டும். பொங்கலுக்கு முன்னாடியே நான் உங்களுக்கு அனுப்பினேன்னு சொன்னேன். நீங்க திருப்பி அனுப்பின மெயிலைக் காட்டினேன். 'இதுல மேற்கோள் சரியில்லன்னுதான் இருக்குது, அன்னைக்கு உள்ள இன்னா எழுதியிருந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்'னு கேக்குறாங்க."

"உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே."

"அதுல தேதியை யார் வேணாலும் மாத்தலாமாம்." கழுத்து அட்டையைத் திருப்பிச் சரிசெய்துகொண்டாள். "நான் மொதல்ல அனுப்பின ஃபைல் உங்ககிட்ட இருக்குதா மேடம்? என் லாகின்ல பார்த்தா அந்தப் பழைய கட்டுரை நம்பரையே காட்ட மாட்டேங்குது."

இருந்தது. திருப்பி அனுப்பிய எல்லாமே எங்கள் பக்கத்தில் ஒரு கோப்பில் பத்திரமாக இருந்தது. அதைத் திறந்தால் அவள் ஒருத்தியோடு நிற்காது. நாலு வருஷமாக நான் வெளியே உட்கார வைத்த அத்தனை பேரும் எழுந்து வந்துவிடுவார்கள். சாரின் கைதட்டல் எல்லாம் பொய் என்றாகிவிடும். பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"திருப்பி அனுப்பினது எதுவும் சிஸ்டம்ல இருக்காதும்மா. ஒழுங்கா மேற்கோளைச் சுருக்கி அனுப்பியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது" என்றேன். அந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம்.

அவள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. "கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். கேனிலிருந்து பிடித்து, நின்றபடியே குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கவிழ்த்து வைத்த டம்ளரிலிருந்து தண்ணீர் சொட்டி மேஜை விளிம்பு வரைக்கும் வந்தது. அதைத் துடைக்கத் துணியை எடுத்தவள், துடைக்காமல் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பழைய கோப்பைத் திறந்தேன். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். மேற்கோள் பட்டியலைத் தவிர ஒரு புள்ளி மாறவில்லை. அதே பட்டை, அதே செங்கல் நிறம், அதே அளவுகள். கடைசியில் நன்றி என்று ஒரு வரி: "மூன்று ஆண்டுகளாக நீர் மாதிரிகளைப் பிடித்துத் தந்த, தோல் தொழிற்சாலைத் தொழிலாளியான என் தந்தை திரு. ஏழுமலைக்கு." அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

மூன்று மணிக்குச் சார் வந்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். நான் எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தேன். அவர் அந்தப் பெண்ணின் கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார்.

"இது ஒண்ணுதானா?"

"இல்ல சார்."

"எத்தனை?"

"எண்ணலை சார்."

"எண்ணு, தேவகி."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் பேரோடு அவர் அம்மா சேர்க்கவில்லை. எண்ணி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். தாள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரை பென்சிலை நகர்த்திக்கொண்டே போனார்.

"எனக்காகவா?"

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். "அந்த நம்பரைப் படிக்கும்போது நான் அவ்ளோ சந்தோஷமாவா இருந்தேன்?"

"ஆமா சார்" என்றேன்.

அன்றைக்கே கல்லூரிக்குக் கடிதம். 'ஆசிரியர் அலுவலகத்தின் தவறு' என்று அவர் சொல்ல, நான் விரலை நிறுத்தினேன். "அலுவலகம் இன்னா சார் பண்ணுச்சி? பண்ணது நான். என் பேரைப் போடுங்க" என்றேன். "அட்டையில என் பேரு இருக்குது. உன் பேரு இந்தப் பத்திரிகையில எந்த மூலையிலயும் இல்ல. இத்தனை வருஷம் நல்லதுக்குப் போடாத பேரைத் தப்புக்கு மட்டும் எப்படிப் போடுறது? அடி" என்றார். அடித்தேன்.

திங்கட்கிழமை அவரே இரண்டு கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து, "முடிஞ்சிது. பொண்ணு நாளையில இருந்து கிளாஸ் எடுக்குது" என்றார். நான் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதுல தேதி போடல. தேதி இல்லாதது நம்ம ஆபீஸுக்கு வராதது. திருப்பி அனுப்புறேன், தேவகியம்மா" என்று கொடுத்துவிட்டார். அந்த 'அம்மா'வைக் கேட்டதும் மறுபடியும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் சார் தன் கையால் கடிதம் எழுதினார். சிலர் பெரிய மனதோடு பதில் போட்டார்கள். சிலர் கிழி கிழி என்று கிழித்தார்கள். டிசம்பர் கூட்டத்தில் உண்மையான எண்ணைப் படித்தார். யாரும் கை தட்டவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்கு முன்னால், ஏப்ரலில், கலைச்செல்வியின் கட்டுரை சரியான தேதியோடு அச்சாகி வந்த மறுவாரம், அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார்.

காலை பதினொரு மணி. துவைத்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் தோல் பதப்படுத்தும் குரோமியத்தின் நீலம் ஏறியிருந்தது. கையில் பிளாஸ்டிக் கவருக்குள் எங்கள் இதழ்.

"தேவகி மேடம் நீங்கதாங்களா?"

"ஆமா. நீங்க?"

"கலைச்செல்வியோட அப்பா. ஏழுமலை."

நான் எழுந்துவிட்டேன். ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டேன். விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் வந்தது பாப்பாவுக்குத் தெரியாதும்மா. இதுல எல்லாம் சரியா போட்டுட்டாங்கன்னு சொல்லுச்சி. எங்க போட்டிருக்குதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

கட்டுரையின் அடியில் இருந்த குறிப்பைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். விரல் அகலத்துக்குள் குறிப்பு முழுசும் மறைந்துவிட்டது.

"இவ்ளோதானா?"

"ரெண்டு வரிதாங்க."

"இன்னா எழுதியிருக்குது?"

தமிழில் சொன்னேன். "இந்தக் கட்டுரை முதலில் வந்து சேர்ந்த தேதி இதுதான். அலுவலகத் தவறால் வேறு தேதி குறிக்கப்பட்டது. ஆசிரியர் வருந்துகிறார்."

"அலுவலகம்னா யாரும்மா?"

"நான்தாங்க" என்றேன். பிறகு நடந்தது முழுவதையும் சொன்னேன். பொங்கல் வாழ்த்துச் சொன்னதையும், அவள் வந்து கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதையும்கூட விடவில்லை. கை கூப்பி, "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். ஃபேன் காற்றில் இதழின் பக்கங்கள் படபடத்தன. அவர் அவற்றைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடிதாம்மா தண்ணி புடிக்க பர்மிஷன் வாங்கினேன். எம்பொண்ணு எழுதினது புஸ்தகத்துல வரப்போவுதுன்னு ஷெட்டு முழுக்கச் சொல்லி வெச்சேன். அப்புறம் காலேஜ் விஷயம் எப்படியோ அங்க வந்துருச்சி. 'இன்னா ஏழுமலை, உம்பொண்ணு அடுத்தவன் எழுதினதை எடுத்து எழுதிடுச்சாமே?'ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லல. சொல்றதுக்கு எனக்கு இன்னாம்மா தெரியும்? குனிஞ்சி வேலையைப் பார்த்தேன். ரெண்டு மாசமா குனிஞ்சேதான் இருக்கேன்."

இதழை என் பக்கம் தள்ளினார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா அங்க யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? நீங்க தமிழ்ல எழுதிக் குடுங்க."

எங்கள் அலுவலகத்திலிருந்து அதுவரை தமிழில் ஒரு கடிதம் போனதில்லை. முத்திரைத் தாள் ஒன்றை எடுத்து, கையாலேயே எழுதினேன். "ஆம்பூர் ஏழுமலையின் மகள் கலைச்செல்வி யாரையும் பார்த்து எழுதவில்லை. இதை முதலில் எழுதி அனுப்பியவர் அவர்தான். அவருடைய தேதியை மாற்றியது நான். தவறு முழுவதும் என்னுடையது." படித்துக் காட்டினேன். உதடு அசைய, கூடவே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டு, அலுவலக சீல் வைத்துக் கொடுத்தேன்.

அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். சீலைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த கிறுக்கலைப் பார்த்தார்.

"இது உங்க பேராம்மா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் பெருசா எழுதுங்க. எங்க ஷெட்டுல வெளிச்சம் கம்மி."

தாளை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினேன். குடியாத்தம் கு. தேவகி. அவர் மறுபடியும் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இப்போ தெரியுது" என்றார்.